பாட்டுக்கு எவ்வளவு தெளிவு வேண்டும்?

பாட்டுக் கேட்பது பற்றி நமக்குள் அடிக்கடி ஒரு வாக்குவாதம் நடக்கிறது. ஒரு சாரார், "நல்ல ஹெட்போனில் கேட்காவிட்டால் அது பாட்டே இல்லை. ரஹ்மானின் பாட்டைப் போன் ஸ்பீக்கரில் கேட்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை" என்கிறார்கள். மறு சாரார், "பாட்டு நல்லா இருந்தா எதில கேட்டாலும் நல்லாத்தான் இருக்கும். உம்மம்மா காலத்தில எந்த ஹெட்போன் இருந்தது?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். இடைவேளை முடிந்து மணி அடித்ததும் வாதம் முடிவில்லாமலே கலைந்துவிடுகிறது.

இந்த வாதத்தைச் சற்று நிதானமாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம். பாட்டை ரசிக்க யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்ற தீர்ப்பொன்றும் இதற்குள் ஒளிந்திருக்கிறது. விலை உயர்ந்த கருவி உள்ளவருக்கே முழு ரசனை உண்டு என்றால், லயத்துக் காம்பராவில் ஒரு பழைய போனை நான்கு பேர் பகிர்ந்து கேட்கும் பிள்ளைகள் அரை ரசிகர்கள் என்றாகிறது. எதில் கேட்டாலும் ஒன்றுதான் என்றால், ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வயலின் வரிசையைச் சரியாகப் பதிவு செய்ய நாள் முழுக்க உழைத்தவர்களின் வேலை வீண் என்றாகிறது. இரண்டையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஒலித்தரம் முக்கியம்தான் என்பதே என் கட்சி. ஆனால் நாம் வழக்கமாகத் தேடும் இடத்தில் அந்த முக்கியத்துவம் இல்லை. கேட்கும் கருவியைவிடப் பதிவு முக்கியம். பதிவிலும் மினுமினுப்பைவிடக் குரலின் தெளிவு முக்கியம். இதை நம் ஊரிலிருந்தே சொல்லத் தொடங்குகிறேன்.

பெரகலையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும் வீதியில், தியலும நீர்வீழ்ச்சியை எட்டுமுன் வருவது கொஸ்லந்த. ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளத்தாக்கு, சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். இங்கே வானொலி கேட்பவருக்கு ஒலித்தரத்தைத் தீர்மானிப்பது கடைக்காரர் அல்ல, மலைதான். பண்பலை ஒளியைப் போலப் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். இடையில் ஒரு மலை நின்றால் அதன் பின்னால் நிழல் விழுவது போல ஒலியும் மங்கிவிடும். பஸ்ஸில் போகும்போது ஒரு வளைவில் தெளிவாகக் கேட்கும் பாட்டு அடுத்த வளைவில் இரைச்சலாகி, அதற்கடுத்த வளைவில் மறுபடி உயிர் பெறுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால் நம் மூத்தோர் கேட்ட சிற்றலை வேறு மாதிரி. அது வானத்தின் மேலே உள்ள அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கீழே இறங்கும். அதற்கு மலை ஒரு தடையே அல்ல, கடலும் தடையல்ல. அதற்குப் பதிலாக ஒரு விலை உண்டு: ஒலி அலையலையாக ஏறி இறங்கும், பின்னால் ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும், உயர்ந்த அதிர்வெண்கள் எல்லாம் வெட்டுப்பட்டுவிடும்.

அந்த இரைச்சலுக்குள் இருந்துதான் தமிழ்த் திரையிசையின் பெரும் ரசிகர் கூட்டம் உருவானது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தென்கிழக்காசியாவில் நின்ற நேச நாட்டுப் படையினருக்காக ஏகலவில் 100 கிலோவாட் வலுவுள்ள சிற்றலைப் பரப்பி ஒன்று நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கையின் கைக்கு வந்தது. 1950இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் இசை ரசனையைக் கெடுக்கின்றன என்று கருதி, அகில இந்திய வானொலியில் அவற்றுக்கு இருந்த இடத்தைச் சுருக்கினார். அந்த நேயர்கள் எல்லோரும் முள்ளைத் திருப்பிக் கொழும்புப் பக்கம் வந்தார்கள். 1957 ஒக்டோபர் 3ஆம் திகதி 'விவித் பாரதி' தொடங்கப்பட்டதே இழந்த நேயர்களை மீட்பதற்காகத்தான். தமிழ்நாட்டின் கிராமங்களில் எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் பெயர்கள் வீட்டுப் பெயர்களானது இப்படித்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. கேஸ்கரின் வானொலி நிலையங்கள் தமிழ்நாட்டுக்குள்ளேயே இருந்தன. அவற்றின் ஒலி அருகிலிருந்து வந்ததால் தெளிவாக இருந்தது. கொழும்பின் ஒலி கடல் தாண்டி வந்தது; கரகரத்தது. மக்கள் கரகரப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். தமக்குப் பிடித்த பாட்டு மங்கலாக வந்தாலும் போதும், தெளிவாக வரும் பிடிக்காத நிகழ்ச்சியைவிட அதுவே மேல் என்று ஒரு தலைமுறையே தீர்ப்புச் சொன்னது. ஒலித்தரம் பற்றிய எந்த வாதத்திலும் இந்தத் தீர்ப்பை மறந்துவிடக் கூடாது.

அவர்கள் மங்கலாகக் கேட்டது அரைகுறையாகக் கேட்டதாகுமா? 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். அப்துல் ஹமீத் ஓர் எழுத்தைச் சொன்னதும் போட்டியாளர் அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு பாடலைச் சொற்பிழையில்லாமல் பாட வேண்டும். வானொலி ஒன்றைத் தவிர வேறு எந்த வழியும் இல்லாதவர்கள் பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாவற்றையும் நெஞ்சில் வைத்திருந்தார்கள். படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாம் சொல்வார்கள். இன்று கையில் உலகத்தின் எல்லாப் பாட்டும் இருக்கிறது. நமக்குப் பிடித்த பத்துப் பாட்டுகளை எழுதியவர் யார் என்று கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்?

மங்கலான ஒலியில் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்க முடிந்ததற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, அந்தக் காலத்துப் பாட்டு ஒரு குறுகிய வாசலுக்காகவே கட்டப்பட்டது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம். ஒலி ஒரே தடத்தில்தான் பதிவாகும். ஆகவே இசையமைப்பாளர்கள் குரலை முன்னே நிறுத்தி, வாத்தியங்களை அதற்குப் பின்னே ஒதுக்கினார்கள். டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாகத் தெரியும்படி உச்சரித்தார்கள். நாகூர் ஈ.எம். ஹனிபாவை (1925–2015) எடுத்துக்கொள்ளுங்கள். திரைப்படத்திலும் பாடியவர்தான், ஆனால் அவர் குரல் பழகியது திறந்த வெளி மேடைகளில். மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி வழியாக வந்தாலும் அந்தக் குரலில் ஒரு சொல் சிதையாது. வாசல் எவ்வளவு குறுகியது என்று தெரிந்தவர்கள் அதற்கேற்பவே சரக்கைக் கட்டி அனுப்பினார்கள்.

இரண்டாவது, நம் காது. மனிதக் காது சுமார் 20 ஹேர்ட்ஸ் முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை கேட்கும் என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் பழைய தொலைபேசி இணைப்பு ஒன்று 300 முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. அதில் பேசிய வாப்பாவின் குரலை யாரும் வேறொருவர் குரல் என்று நினைக்கவில்லை. ஆண்குரலின் அடிப்படை அதிர்வெண் 100, 150 ஹேர்ட்ஸ் அளவில்தான் இருக்கும். அது அந்தக் கம்பியில் வருவதே இல்லை. அதன் மடங்குகளாக மேலே உள்ள அதிர்வுகளைக் கொண்டு, இல்லாத அடிப்படையை மூளையே கட்டி எழுப்பிக்கொள்கிறது. நம் மொழியின் ல, ள, ழ வேறுபாடும் பெரும்பாலும் இந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. 'ஸ' போன்ற சீறும் ஒலிகள்தாம் மேலே போய் அடிபடுகின்றன. ஆகவே மங்கலான வானொலியில் வந்த தமிழ்ப் பாட்டு, சொல் அளவில் பெரும்பாலும் முழுதாகவே நேயரிடம் வந்து சேர்ந்தது.

மூன்றாவது காரணம் நம்மைக் கொஞ்சம் சுடும். அவர்கள் கவனித்துக் கேட்டார்கள். ஒரு பாட்டு போய்விட்டால் மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. எனவே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அறிவிப்பாளர் படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் என்று நான்கையும் சொல்லிவிட்டுத்தான் பாட்டைப் போடுவார். அந்த அறிவிப்பும் ஒலித்தரத்தின் ஒரு பகுதி என்றே நான் சொல்வேன். யார் செய்தது என்று தெரிந்து கேட்கும்போது நாம் கூடுதலாகக் கேட்கிறோம். கண்ணதாசன் என்று தெரிந்தால் சொல்லைக் கவனிப்போம். விஸ்வநாதன் – ராமமூர்த்தி என்று தெரிந்தால் இடையிசையைக் கவனிப்போம்.

இவ்வளவும் சொன்னதால் நான் இரண்டாம் சாராரின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். எல்லாப் பாட்டும் குறுகிய வாசலுக்காகக் கட்டப்பட்டவை அல்ல.

1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்தார். 1978இல் வந்த 'பிரியா' ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படங்களில் ஒன்று. அதுவரை ஒரே தடத்தில் அடங்கியிருந்த இசை இடம், வலம் என்று விரிந்தது. அவருடைய பாட்டில் குரலுக்கு அடியில் ஒரு பேஸ் கிட்டார் தனக்கென்று இன்னொரு மெட்டை வாசித்துக்கொண்டு போகும். குரல் ஓய்வெடுக்கும் இடத்தில் வயலின்கள் ஒரு கேள்வி கேட்க, புல்லாங்குழல் பதில் சொல்லும். இதையெல்லாம் போன் ஸ்பீக்கரில் கேட்டால் என்ன நடக்கிறது? விரல் நகம் அளவுள்ள அந்த ஸ்பீக்கரால் தாழ்ந்த சுரங்களுக்குத் தேவையான அளவு காற்றைத் தள்ள முடியாது. பேஸ் கிட்டாரின் சுரத்தை மூளை ஓரளவு ஊகித்துக்கொள்ளும். அதன் கனத்தை ஊகிக்க முடியாது. தபேலாவின் இடது கை அடி 'டக்' என்ற சத்தமாகச் சுருங்கிவிடும். மெட்டு கேட்கும், மெட்டுக்குக் கீழே இருந்த தரை போய்விடும்.

1992இல் 'ரோஜா' வந்தபோது இது இன்னும் ஒரு படி போனது. ஏ.ஆர். ரஹ்மான் தன் வீட்டோடு சேர்ந்த பதிவுக்கூடத்தில் ஒலியைப் படலம் படலமாக அடுக்கினார். அவரோடு நெடுங்காலம் பணியாற்றிய ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர் (மறைவு 2008) போன்றவர்களின் உழைப்பு மெட்டில் இல்லை, சொல்லில் இல்லை, ஒலியிலேயே இருக்கிறது. ஒரு பாட்டின் பின்னணியில் மெல்லிய குரலொன்று இடப்புறமிருந்து வலப்புறம் நகர்கிறது என்றால் அதை அப்படி வைத்தவர் ஒருவர் இருக்கிறார். அதை ஒரு தடவையாவது அவர் வைத்த மாதிரியே கேட்பது ரசிகையின் ஆடம்பரம் அல்ல. ஒரு தொழிலாளியின் வேலைக்குக் கொடுக்கும் மதிப்பு. கொழுந்து பறிக்கிறவரின் விரல் நுட்பம் தெரிந்த நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பாட்டுக்குப் பாட்டு அளவு மாறுகிறது. 1960இன் பாட்டுக்குச் சிறு வானொலி போதும். 1992இன் பாட்டுக்கு அது போதாது. "தரம் முக்கியமா?" என்று பொதுவாகக் கேட்பதைவிட, "இந்தப் பாட்டைச் செய்தவர்கள் இதற்குள் எதை வைத்தார்கள், அதில் எவ்வளவு என்னிடம் வந்து சேர்கிறது?" என்று கேட்டால் பதில் தானாகவே கிடைக்கும்.

அப்படிக் கேட்கத் தொடங்கினால், நாம் பணம் செலவழித்துத் தேடும் பல 'தரங்கள்' தரமே அல்ல என்பதும் தெரியவரும். முதலில் சத்தம். ஒரே பாட்டைச் சற்றுக் கூடுதல் சத்தத்தில் போட்டால் அதுதான் நல்ல ஒலி என்று காது நம்பிவிடும். சத்தம் கூடும்போது தாழ்ந்த சுரங்களும் உயர்ந்த சுரங்களும் கூடுதலாகக் கேட்பது காதின் இயல்பு. கடையில் இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிட்டுக் காட்டும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தனியார் பஸ்களில் ஓடும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பதுளைக்கோ வெல்லவாயவுக்கோ போய் இறங்கும்வரை ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. ஒரு சொல் விளங்குவதில்லை. சிற்றலையில் வந்த பாட்டு மெலிந்திருந்தது, ஆனால் சொல் இருந்தது. பஸ்ஸில் வரும் பாட்டு கொழுத்திருக்கிறது, சொல் செத்துவிட்டது.

சத்தத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபெல்லைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, பிள்ளைகளுக்கு 75. சத்தம் ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. ஹெட்போனை முழுச் சத்தத்தில் வைத்துக் காதைக் கெடுத்துக்கொண்டவருக்கு உலகத்திலேயே விலை உயர்ந்த கருவியும் பின்னர் உதவாது. நமக்குக் கிடைத்த முதல் ஒலிக்கருவி காதுதான். அதற்கு மாற்று உறுப்பு கடையில் இல்லை.

அடுத்தது பிரதியின் பிரதி. எண்பதுகளில் நம் நகரங்களில் 'ரெக்கோடிங் பார்' என்ற கடைகள் இருந்தன. வெற்றுக் கெசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தால் பதிந்து தருவார்கள். பதிவுக்கூடத்து நாடா நொடிக்கு 38 சென்ரிமீற்றர் வேகத்தில் ஓடியது. வீட்டுக் கெசட் அதில் எட்டில் ஒரு பங்கு வேகத்தில்தான் ஓடியது. நாடா மெதுவாக ஓடினால் இரைச்சல் கூடும். அதை ஒருவர் பிரதி எடுத்து, அதை இன்னொருவர் பிரதி எடுத்தால் ஒவ்வொரு முறையும் இரைச்சல் ஒரு படலம் ஏறும். இன்று அதே வேலையை வேறு விதமாகச் செய்கிறோம். ஐந்து நிமிடப் பாட்டு இறுவட்டில் சுமார் 53 மெகாபைட் இடம் பிடிக்கும். 128 கிலோபிட் அளவில் சுருக்கிய எம்.பி.3 கோப்பில் அது 5 மெகாபைட்டுக்கும் குறைவு. முதல் தடவை சுருக்கும்போது காதுக்கு எளிதில் தெரியாததைத்தான் கழிக்கிறார்கள். பெரும்பாலோருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் சுருக்கியதை மறுபடி சுருக்கி, காணொளியாக்கி, குழுவிலிருந்து குழுவுக்கு அனுப்பி, அதிலிருந்து மறுபடி ஒலியை எடுத்தால் வயலின்கள் தண்ணீருக்குள் மூழ்கியது போல ஒலிக்கும். டேட்டா இல்லாதவர் சிறிய கோப்பைக் கேட்பதில் தவறே இல்லை. மூலத்திலிருந்து ஒரே முறை சுருக்கிய கோப்பைத் தேடிக் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். அதற்குச் செலவு கூடாது. கொஞ்சம் கவனம்தான் கூடும்.

மூன்றாவது, பழைய பாட்டை 'மெருகேற்றுவது'. நல்ல மெருகேற்றலும் உண்டு. 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் எண்மிய முறையில் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தபோது தமிழ்நாட்டில் புதுப்படத்துக்கு வருவது போல மக்கள் வந்தார்கள். கீறலை நீக்குவது வேறு. இல்லாத எதிரொலியையும் இடியையும் சேர்ப்பது வேறு. சுசீலாவின் குரலைக் குகைக்குள் தள்ளிவிட்டு 'உயர்தர ஒலி' என்று பெயர் வைத்தவற்றைக் கேட்கும்போது, பழைய கரகரப்பே மேல் என்று தோன்றுகிறது. கரகரப்பு பாட்டின் மேலே இருக்கும் தூசு. சேர்த்த எதிரொலி பாட்டுக்குள் கலந்த தண்ணீர்.

இனி, தொடக்கத்தில் சொன்ன தகுதிப் பிரச்சினைக்கு வருகிறேன். "அவர்களுக்கு இது போதும்" என்ற பேச்சு தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. லயத்து அறை போதும், தண்ணீர்க் குழாய் ஒன்று போதும், ஐந்தாம் வகுப்புவரை போதும் என்று சொல்லப்பட்டவர்கள் அவர்கள். மங்கலான வானொலியில் அவர்கள் முழு மனத்தோடு பாட்டுக் கேட்டார்கள் என்று புகழும்போது, அந்தப் புகழ்ச்சி "அவர்களுக்கு நல்ல ஒலி எதற்கு?" என்பதில் போய் முடியக் கூடாது. இல்லாமையிலும் ரசித்தார்கள் என்பது அவர்களின் பெருமை. இல்லாமைக்கு அது நியாயம் ஆகாது. அதேபோல, நல்ல ஹெட்போன் வைத்திருக்கும் தோழி அதை வைத்துப் பிறரை அளக்கக் கூடாது. ஒரு தடவை கழற்றிப் பக்கத்தில் இருப்பவளின் காதில் வைத்து, "இந்த இடத்தில் வயலினைக் கேள்" என்று சொன்னால், அந்தக் கருவியின் பெறுமதி இரட்டிப்பாகும்.

பொது இடத்திலும் நாம் செய்யக்கூடியது உண்டு. பரிசளிப்பு விழாவிலோ கலைவிழாவிலோ மைக் ஊளையிடுவதைச் சகித்துக்கொள்ளப் பழகிவிட்டோம். ஒலிபெருக்கியை மைக்குக்குப் பின்னால் வைத்தால் அதன் ஒலியே மறுபடி மைக்கில் புகுந்து ஊளையிடும். மைக்குக்கு முன்னால், பார்வையாளரை நோக்கி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதியைச் சத்தத்தைக் குறைத்துத் தீர்க்கலாம். மேடையில் பாடும் பிள்ளையின் சொல் கடைசி வரிசையில் இருக்கும் அவளுடைய தாய்க்கு விளங்க வேண்டும். ஒலித்தரம் என்று நான் சொல்வது இவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சொல்லி முடிக்க வேண்டும். கேட்கும் கருவி மோசமாக இருந்தால் நாளை நல்லது வாங்கலாம். பதிவே மோசமாக இருந்தால் அதை யாராலும் திருத்த முடியாது. பதிவே இல்லாவிட்டால் பேச்சுக்கே இடமில்லை. திரைப்பாடல்கள் இந்த விடயத்தில் கொடுத்து வைத்தவை. அவற்றுக்கு முதலாளிகள் இருந்தார்கள், பதிவுக்கூடங்கள் இருந்தன, இசைத்தட்டுகள் இருந்தன. எழுபது வருடத்துக்கு முன் பாடிய ஒரு பாட்டை நாம் இன்று கரகரப்போ தெளிவோ ஏதோ ஒரு தரத்தில் கேட்கலாம். அதே எழுபது வருடத்துக்கு முன் கொஸ்லந்த மலையில் கொழுந்து பறித்துக்கொண்டே ஒரு பெண் பாடிய தெம்மாங்கை எந்தத் தரத்தில் கேட்கலாம்? சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அதனால் சொற்கள் அச்சில் தங்கின. மெட்டும் இழுப்பும், பாடும்போது மூச்சு வாங்கும் இடமும் அச்சில் தங்குவதில்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயன்களோடு மனிதர்களும் மண்ணுக்குள் போனார்கள். அவர்களில் தாலாட்டுப் பாடத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். ஒப்பாரி கட்டத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். அந்தக் குரல்களை யார் பதிந்து வைத்தார்கள்? நம் பக்கத்து ஊரில் நடந்ததை எண்ணும்போது, எந்த ஹெட்போன் சிறந்தது என்ற வாதம் எனக்குச் சின்னதாகத் தெரிகிறது.

தோழியரே, நம் வீட்டுப் போன்களில் உள்ள மைக், அந்தக் காலத்துக் கெசட் பெட்டியில் இருந்ததைவிட எவ்வளவோ மேலானது. இந்த விடுமுறையில் உம்மம்மாவோ, பக்கத்துத் தோட்டத்துத் தோழியின் அப்பாயியோ பாடத் தெரிந்தவராக இருந்தால், அவரின் சம்மதத்தைக் கேட்டுப் பதிந்து வையுங்கள். ஜன்னலை மூடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை விழும் நேரத்தைத் தவிருங்கள். அழைப்பு எதுவும் குறுக்கிடாதபடி போனை வைத்து, அவர் வாயிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் ஒரு துணியின் மேல் கிடத்துங்கள். நடுவில் கதைக்காதீர்கள், முழுதாகப் பாட விடுங்கள். மூலக் கோப்பைச் சுருக்காமல் இரண்டு இடங்களில் சேமியுங்கள். பாட்டுத் தொடங்குமுன், அந்தக் காலத்து அறிவிப்பாளர்கள் செய்தது போல, பாடுபவரின் பெயரையும் ஊரையும், யாரிடம் கற்றார் என்பதையும், அன்றைய திகதியையும் உங்கள் குரலில் தெளிவாகச் சொல்லுங்கள்.